இன்னொரு கரண்டி உரம்

என் சித்தப்பா கிடங்கில் முப்பது வருடம் சரக்குப் பொறுப்பாளராக இருந்தவர். வீட்டில் மூன்று கடிகாரங்கள் வைத்திருக்கிறார். ஒன்றையும் நம்ப மாட்டார். பல நாடுகள் சுற்றிவிட்டு ஆறு வருடம் கழித்து வந்து நின்ற என்னிடமே, "பையை சுங்கத்துல சரியா பாத்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்னால் பச்சை வலை கட்டி நர்சரி வைத்தார். அன்றிலிருந்து பதினோரு வருடமாக அங்கே வேலை செய்பவர் வாளியக்கா. எந்நேரமும் இரண்டு கையிலும் வாளி இருப்பதால் அந்தப் பெயர். தொட்டிகளுக்கு உரம் வைத்து முடித்த வரிசையில், சிவப்புச் சாயம் தோய்த்த ஐஸ் குச்சி ஒன்றைச் செருகிவிட்டுப் போவார்.

நான் வந்த வாரம் ரோஜாச் செடிகளின் இலைகள் நெருப்பில் வாட்டியதுபோல் ஓரம் கருகின.

"இது நோய் இல்லம்மா. மனுஷ வேலை," என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. "உர மூட்டை சீக்கிரம் சீக்கிரமா தீருது. உரத்தை அவ வீட்டுக்கு அள்ளிட்டுப் போறா. செடியில வேற என்னத்தையோ ஊத்துறா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்திருந்தா ஏன் சந்தேகப்படப் போறேன்?"

"பதினோரு வருஷத்துல ஒரு பூ பறிச்சு வெச்சதில்ல அவ," என்றாள் சித்தி.

"அதான் எனக்கு இடிக்குது."

சனிக்கிழமையோடு வாளியக்காவை நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை வாளியக்கா போனதும் சித்தப்பா தொட்டிகளுக்கிடையே குனிந்தார். குச்சி செருகியிருந்த வரிசையிலேயே தொட்டிக்கு ஒரு கரண்டி உரம் போட்டுக்கொண்டு போனார்.

"அக்காதான் வெச்சுட்டாங்களே, சித்தப்பா?"

"குச்சியை யார் வேணா செருகலாம். முத்திரை குத்தின பெட்டியே கிடங்குக்குக் காலியா வந்திருக்கு."

"எத்தனை நாளா இப்படிப் போடுறீங்க?"

"நாலு மாசமா."

ஒரு செடியைத் தொட்டியோடு கவிழ்த்து எடுத்தேன். மண்ணின் மேல் வெள்ளையாக உர உப்பு படிந்திருந்தது. வேர்கள் பழுப்பேறி, நுனி சுருங்கி, தொட்டதும் ஒடிந்தன. சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூட்டையைத் தீர்த்த கைகளில் தன் கையும் ஒன்று என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, சித்தப்பாவும் உரம் போட்டுவந்த விஷயத்தை நான் சொன்னதும் வாளியக்கா வாளிகளைக் கீழே வைத்தார்.

"மண்ணுல உப்பு பூக்குதேன்னு நான் கரண்டியைப் பாதியாக் குறைச்சு ரெண்டு மாசம் ஆச்சு. அப்பவும் பூத்துச்சு. நீங்கதான் எதையோ கலக்குறீங்கன்னு நெனச்சேன் ஐயா. கேட்டா சண்டைக்கு வருவீங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

சித்தப்பா போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். மூவரும் நாள் முழுக்க வெறும் தண்ணீரை, உப்பு கரைந்து அடித்துளை வழியே ஒழுகி ஓடும்வரை, திரும்பத் திரும்ப ஊற்றினோம். பாதிச் செடிகள் பிழைக்காது என்றார் வாளியக்கா.

சாயங்காலம் சித்தப்பா கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கிவந்தார். உரம் கொட்டிவைக்கும் டிரம்மைப் பூட்டி, இரண்டு சாவிகளையும் வாளியக்காவிடம் நீட்டினார்.

"நானே கேட்டாலும் குடுக்காத."

"என்னை நம்பியா குடுக்கறீங்க?"

"உன்னை யாரு நம்பினா? என்னைத்தான் நம்ப முடியல."

வாளியக்கா அவர் முன்னாலேயே பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.