வாய்க்கால் வழக்கில் ஒரு வாய்தா

கரிக்கலாம்பாக்கத்து இருசப்பனுக்கும் அவன் பங்காளி மணவாளனுக்கும் அஞ்சு வருஷமாகப் பேச்சு கிடையாது. மணவாளன் நிலத்து வழியாகத்தான் இருசப்பன் கழனிக்குத் தண்ணீர் வரவேண்டும். அந்த வாய்க்காலை மணவாளன் அடைத்துவிட்டான். இருசப்பன் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியின் கோர்ட்டில் வழக்குப் போட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் ஒரு வாய்தாவுக்கு இருசப்பன் போகவில்லை. வாதி வரவில்லை என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

அவன் வக்கீல் சிங்காரவேலு வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட்டார். "இன்ன காரணம்னா எடுக்கணும்னு சட்டத்துல எழுதி வெக்கல. தொரைக்குச் சரின்னு பட்டா எடுப்பாரு, இல்லன்னா இல்ல. எல்லாம் அவரு மனசுலதான் இருக்குது. ஏன் வரலன்னு கேப்பாரு, சொல்லிடு," என்றார்.

இருசப்பன் தலையை ஆட்டினான். வக்கீலிடம்கூட அவன் காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை.

மனு எடுத்த அன்று வெள்ளைக்கார நீதிபதி கேட்டதைத் துபாசி தமிழில் சொன்னார். "அன்னிக்கு ஏன் வரலை?"

"வர முடியலைங்க."

"ஏன் முடியல?"

இருசப்பன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய பதினோரு வயதுப் பெண் தையலம்மாள் மூணு நாள் காய்ச்சலில் போனது அந்த வாய்தா அன்று விடியலில்தான். அதைப் போய் ஒரு வாய்க்காலுக்காகச் சொல்வதா என்பதெல்லாம் பிறகு தோன்றியது. அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு நீதிபதி பேனாவை எடுத்தார்.

"அன்னிக்கு அவன் பொண்ணு செத்துப்போச்சுங்க." எதிர்ப்பக்கத்திலிருந்து மணவாளன்தான் சொன்னான். "வாய்தாவுக்குக் கெளம்பின நானும் சேதி கேட்டு, வக்கீல மட்டும் போவச் சொல்லிட்டு, அவன் வூட்டுக்குப் போனேன். நாந்தான் குழி வெட்டினேன்."

மணவாளனின் வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். துபாசி பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனார். அந்தச் சொற்களில் எது தன் பெண் என்று இருசப்பனுக்குத் தெரியவில்லை.

நீதிபதி மணவாளன் பக்கம் திரும்பினார். "நீ இப்படிச் சொன்னால் வழக்கு உன் மேல் திரும்ப வரும். தெரியுமா?"

"தெரியுங்க. நீங்க கேட்டீங்க, அவன் சொல்லல."

வழக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக நீதிபதி எழுதினார். சிங்காரவேலு இருசப்பன் தோளைத் தட்டினார். தட்டியது வேறு யாரையோ போல இருந்தது அவனுக்கு.

வெளியே மணவாளன் மாட்டை நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தான். "வண்டியில எடம் இருக்குது. வரியா?"

இருசப்பன் ஏறிக்கொண்டான். வண்டி வில்லியனூர் தாண்டி ஊர் வந்து சேர்ந்தது. இறங்கும்போது மணவாளன், "வழக்க நான் வுடமாட்டேன்," என்றான். "சரி," என்றான் இருசப்பன்.

அறுப்பு முடிந்து தீர்ப்பு வந்தது. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் விடவேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி தனக்கொடி, "இன்னா ஆச்சி?" என்றாள்.

"கெடச்சுது."

"உம்," என்று மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போனாள்.

முதல் முறை தண்ணீர் விட்ட நாளில் இருசப்பன் மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். தண்ணீர் வெடிப்புகளில் இறங்கியது, பிறகு மேலே நின்றது, பிறகு அடுத்த வரப்பைத் தாண்டியது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போதும்டா, மூடு," என்று அந்தப் பக்கத்திலிருந்து மணவாளன் குரல் கொடுத்தான்.

இருசப்பன் எழுந்துபோய் மூடினான்.