அவள் சொன்ன படங்கள்

கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கும் அந்த தியேட்டரில் ஒரு வாரத்துக்கு எல்லாருக்குமான சினிமா போடுகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். காது கேளாதவர்களுக்கு ஒரு நாள், திரையில் எழுத்து போட்டு. சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு ஒரு நாள், விளக்கை முழுக்க அணைக்காமல், ஒலியைக் குறைத்து. கம்பெனிகளில் வேலை செய்யும் வடநாட்டுக்காரர்களுக்கு இந்திப் படம், ஆந்திர எல்லைப் பக்கத்து ஜனங்களுக்குத் தெலுங்குப் படம். திங்கள், புதன், சனி மதியக் காட்சிகள் மட்டும் கண் தெரியாதவர்களுக்கு. காதில் ஹெட்போன் மாட்டி விடுவார்களாம். திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்லுமாம்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. யாரோ தேர்தலுக்கு நிற்கப் போகிறார்கள், எங்களை வரிசையாக உட்கார வைத்து போட்டோ எடுத்து பேனர் அடிப்பார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். கண் தெரிந்த காலத்தில் நான் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவன். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் எங்கே குறை என்றுதான் முதலில் தேடுவேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் டேங்க் மூடி தெறித்து, கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தண்ணீர் முகத்தில் விழுந்தது. இரண்டு கண்ணும் போயிற்று. இப்போது ஒரு சின்ன பட்டறையில் நட்டு, போல்ட்டுகளை விரலால் தடவி அளவுவாரியாகப் பிரிக்கிறேன். குணம் மட்டும் மாறவில்லை.

"போட்டோ எடுத்தா எடுத்துக்கினு போறான். உனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றாள் அவள்.

அன்று வரை எனக்குப் படம் சொன்னது அவள்தான். டிவி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சில்லாத இடங்களில் காதோரம் சொல்லிக்கொண்டே வருவாள். அப்படி எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறோம்.

திங்கட்கிழமை போட்டது நாங்கள் டிவியில் பார்த்த பழைய படம். வாசலில் ஒரு பெண் ஹெட்போனைக் கையில் கொடுத்து, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் சொல்லித் தந்தார். போட்டோ யாரும் எடுக்கவில்லை. கேமரா சத்தம் வருகிறதா என்று இடைவேளை வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சி வந்தது. அந்த இடத்தில் வசனம் கிடையாது, இசை மட்டும்தான். கதாநாயகி ஊரை விட்டுப் போகிறாள், கதாநாயகன் ஓடிப்போய் அதே பஸ்ஸில் ஏறிக்கொள்கிறான். அதுதான் எனக்குத் தெரிந்த முடிவு. ஹெட்போன் குரல் வேறு சொன்னது: "பஸ் புறப்படுகிறது. அவன் ஓடி வருகிறான். பஸ் வளைவில் மறைகிறது. அவன் சாலையில் தனியாக நிற்கிறான்."

எழுதிக் கொடுத்தவர்கள்தான் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்டேன். ஞாபகம் இல்லையே என்றாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.

அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. பஸ்ஸில் ஏறாதவனை ஏற்றிவிட்டவள் வேறு எதையெல்லாம் மாற்றிச் சொன்னாள்? சுவருக்கு வெளிர்பச்சை அடித்திருக்கிறது என்றாளே, பச்சைதானா? என் சட்டைகளில் கிழிசல் இல்லை என்கிறாளே, உண்மையா?

புதன்கிழமை படத்தில் ஒரு அடியாள் வந்தான். "அவன் கன்னத்தில் தீக்காயத் தழும்பு. தோல் சுருங்கியிருக்கிறது" என்றது குரல். என் கை தானாக என் கன்னத்துக்குப் போனது. விரலுக்கு மேடும் பள்ளமுமாகத்தான் தட்டுப்படும். தொட்டால்தான் தெரியும், பார்த்தால் தெரியாது என்று மனைவி சொல்லியிருந்தாள். சலூன்காரரும் "ஒண்ணுமே தெரியலண்ணா" என்றிருந்தார். இரண்டு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன்.

சனிக்கிழமை சீக்கிரமே போனோம். மனைவி டீ வாங்கப் போனதும், ஹெட்போன் கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். படங்களுக்குச் சொல்லும் குரல் அவருடையதுதான் என்று முதல் நாளே கண்டுபிடித்திருந்தேன்.

"அம்மா, படத்துக்கு சொல்ற மாதிரி என் மூஞ்சியச் சொல்லு. கூட்டாத, கொறைக்காத."

எதற்கு சார் என்றார். சும்மா சொல்லு என்றேன். பிறகு, ஹெட்போனில் கேட்ட அதே குரலில் சொன்னார். "இடது பக்கம் நெற்றியிலிருந்து தாடை வரை தழும்பு. தோல் வெளுத்து, இழுத்துக்கொண்டிருக்கிறது. இடது காதின் ஓரம் இல்லை. வாய் ஒரு பக்கம் லேசாக மேலே ஏறியிருக்கிறது." சொல்லி முடித்து, "போதுமா சார்?" என்றார். போதும் என்றேன்.

நான் தனியாகப் போகும் நாட்களில் எளாவூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். கண் தெரியாதவன் என்று மரியாதையாக இடம் விடுகிறார்கள் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தேன்.

மனைவி டீயோடு வந்தாள். வாங்கிக் குடித்தேன். அன்றைய படத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. படம் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, அந்தப் பெண் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னேன். என் கையைப் பிடித்து நடந்தவள் நின்றாள்.

"ஆஸ்பத்திரில கட்டு பிரிச்ச அன்னிக்கு எப்டி இருக்குதுன்னு கேட்ட. ரெண்டு நாளா சாப்புடாம கெடந்த. ஆறிடும்னு சொன்னேன், கஞ்சி குடிச்ச. அப்பால எப்டிய்யா மாத்திச் சொல்றது?"

சலூன்காரர் சொன்னதும் உன் ஏற்பாடுதானே என்று கேட்டேன். ஆமாம், அவள்தான் சொல்லி வைத்திருந்தாளாம். பஸ்ஸில் ஏறியவனைப் பற்றிக் கேட்டேன்.

"அவன் அப்டி நின்னது எனுக்கே புடிக்கல. அதான் ஏத்தி உட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் அவள் எப்போதும்போல ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்து, என் இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம்தான் உட்காருவாள். அதையும் சந்தேகப்பட்டேன். என் முகத்தை மறைக்கவா? கேட்கவில்லை. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நாஷ்டா வைத்துவிட்டு, சுவர் பச்சைதான், வேண்டுமானால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள் என்றாள். நான் பச்சையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. தூக்கத்தில் உளறியிருக்கிறேன் போலிருக்கிறது.

மெல்லப் பழைய மாதிரி டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தோம். போன வாரம் ஒரு படத்தின் முடிவில் நீண்ட நேரம் இசை மட்டும் வந்தது.

"செத்துட்டான்யா" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமா."

மறுநாள் பட்டறையில் அதே படத்தைப் பார்த்தவரிடம் முடிவைக் கேட்டேன். செத்துத்தான் போனானாம். நான் விசாரித்ததை அவளிடம் சொல்லவில்லை.