மீதியைச் சொல்லப் போனவர்

ஞானமுத்து சார் இறந்துவிட்டார் என்று பாலவனத்தத்தில் பஸ் ஏறும்போது கண்டக்டர் சொன்னார். "எவன்யா சொன்னது?" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவரும் சாரிடம் படித்தவர், கோபிக்கவில்லை. "நேத்து சாயங்காலம் நெஞ்சுவலி சார்" என்றார். அருப்புக்கோட்டை வரும்வரை செத்தவரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். ஒரே கல்லூரியில் அவர் இயற்பியல், நான் தமிழ். ஒரு சண்டையாவது போடாமல் நாங்கள் டீ குடித்ததில்லை.

அவருக்குப் பேச்சுப் பைத்தியம். எண்ணெயும் நிலக்கரியும் தண்ணீரும் தீர்ந்துபோனால் உலகம் எப்படிப் பிழைக்கும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். "உலகத்துக்கு வர்ற கேடு மொதல்ல நம்ம கெணத்துலதான் தெரியும்" என்பார். எழுபதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த வருடம், எம்.ரெட்டியபட்டி ஊர்ப் பொது மந்தையில் ஒரு கூட்டம். தகரத் தொட்டியில் மணலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, இரண்டு விளக்குக் கண்ணாடிகளைக் கிணறுகளாக நட்டார். ஒன்றில் குழாய் விட்டு உறிஞ்சினார். மற்றதிலும் தண்ணீர் இறங்கியது.

கருப்பையா எழுந்தார். அவர் இன்னும் மாடு கட்டிக் கமலை இறைப்பவர். அதே கூட்டத்தில் இருந்த பக்கத்துப் புஞ்சை ராமசாமி புதிதாக மோட்டார் போட்டிருந்தார்.

"அப்ப எங் கெணத்துத் தண்ணியத்தான் அவன் மோட்டாரு உறிஞ்சுதா?"

"ஆமா" என்றார் சார்.

அடுத்த சொல்லுக்கு இடமில்லை. கருப்பையா முள் வெட்டிவிட்டு நேரே வந்தவர். அரிவாள் கையில் இருந்தது. அதை ஓங்கியதும் ராமசாமி தடுக்கக் கையை நீட்டினார். இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்தன. பிறகு இருபக்கத்து ஆட்களும் கம்பு, கல், மண்வெட்டி என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் பாய்ந்த சாரின் தோளில் ஒரு கம்பு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தொட்டி கவிழ்ந்து மந்தையெல்லாம் ரத்தமும் சேறுமாகக் கிடந்தது.

கருப்பையாவைப் போலீஸ் கொண்டுபோனது. ராமசாமியின் பங்காளிகள், கருப்பையாவின் மகனை வெட்டாமல் விடுவதில்லை என்று சத்தியம் செய்ததாகக் கேள்விப்பட்டோம். கட்டுப் போட்ட தோளோடு சார் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீரா?" என்று கத்தினேன்.

"ஆமான்னு சொன்னது பாதிதான்யா. மீதியச் சொல்லுமுன்ன அடிச்சுக்கிட்டாக. அந்தப் பையனையும் வெட்டிட்டா நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?"

திட்டிக்கொண்டே கூடப் போனேன். ராமசாமி வீட்டு வாசலில் அவர் மனைவி விளக்குமாற்றால் சாரின் முகத்திலேயே அடித்தார். "எம் புருசன் கையத் தின்னுட்டு இன்னும் என்னய்யா வேணும்?" சார் விலகவில்லை. அந்த அம்மாவின் கை ஓயும்வரை நின்றார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பங்காளிகள் பார்த்திருக்க, வாசலிலேயே தொட்டியை வைத்து, இந்தத் தடவை மற்றக் கண்ணாடியில் உறிஞ்சினார். முதல் கண்ணாடியில் தண்ணீர் இறங்கியது.

"அவுக கமலை இறைச்சா ஒங்க தண்ணி போகுது. நீங்க மோட்டாரு போட்டா அவுக தண்ணி போகுது. ரெண்டு பேரும் போட்டியில இறைச்சா..." என்று இரண்டிலும் உறிஞ்சினார். ஈர மணல்தான் மிஞ்சியது.

ராமசாமி கட்டுப் போட்ட கையோடு குனிந்து அதைப் பார்த்தார். "இத அன்னைக்கே முழுசாச் சொல்லியிருந்தா எம் வெரலு இருந்திருக்கும்ல சார்?"

சார் தலை குனிந்து அழுதார். அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. ராமசாமி பங்காளிகள் பக்கம் திரும்பி, "அரிவாளக் கொண்டுபோயி கூரை எறவானத்துல சொருகுங்கடா" என்றார். அந்தப் பையன் பிழைத்தான்.

அந்தப் பையனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நேற்று கல்லறையில் அவனும் ராமசாமியும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

என் முன்கோபத்தை ஞானமுத்து சாரால் குறைக்க முடியவில்லை. ஆனால் வகுப்பு முடிந்து மணி அடித்தாலும், எடுத்த பேச்சை முடிக்காமல் நான் பையன்களை வெளியே விடுவதில்லை. பஸ் போய்விடும் என்று முணுமுணுக்கிறார்கள். போகட்டும்.