தன் பெயரில் கிடைக்காத அப்பா

அப்பா இறைவனில் துயில்கொண்டு ஓராண்டு நிறைவடைகிறது. அமெரிக்காவில் எடிசனுக்கு வந்து நினைவுத் திருப்பலியில் எங்களோடு முழந்தாளிட்டவர்களுக்கும், ஊரிலிருந்தே செபித்தவர்களுக்கும் இந்தச் சிறு நினைவு மலரைத் தருகிறோம். மூத்த மகள் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். இந்த முறை காரணத்தோடுதான் கவலைப்பட்டேன். அச்சகத்துக்குக் கொடுக்க நான்கு நாள் இருக்கும்வரை, அப்பாவைப் பற்றிய ஒரே ஒரு வரியை எழுதலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா தூத்துக்குடி மாவட்டம் வேம்பாரில், ஏழு பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தார்கள். கடலோரக் காவல் படை புதிதாகத் தொடங்கியபோது அதற்கு மாறி, ரோந்துக் கப்பலில் வேலை செய்தார்கள். பிறகு தூத்துக்குடிக்கே திரும்பி, துறைமுகத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து என்னையும் தம்பியையும் பொறியியல் படிக்கவைத்தார்கள். கடைசிப் பத்து ஆண்டுகள் இங்கே எங்களோடு. இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் பேத்தியைப் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போனதில்லை. சோப்புப் போடும்போது ஷவர் ஓடினால் கதவைத் தட்டிவிடுவார்கள். கப்பல் கதை கேட்டால் மட்டும், “வேல பாத்தேன், வந்துட்டேன்” என்பதோடு சரி.

அந்தக் காவல் படை வரிதான் சிக்கலானது. முப்பதாம் நாள் செபத்தை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, அப்பாவின் மூத்த அண்ணன், முடிவில் சொன்னார்கள்: “கோஸ்ட் கார்டுன்னு எதயாவது அடிச்சு வைக்காதீய. அவன நேவில இருந்தே அனுப்பிட்டாவன்னுல்லா ஊர்ல பேச்சு.” பெரியப்பா மனதில் விஷம் கிடையாது, வாயில் பூட்டும் கிடையாது. போனை வைத்ததும் பக்கத்திலிருந்த அம்மா கேட்டார்கள்.

“அப்போ உங்கப்பா என்ட்ட பொய்யா சொன்னாவ?”

ஒரு தடவைதான் கேட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து அப்பா படத்துக்கு முன்னால் செபமாலை சொல்வதை விட்டுவிட்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்கள். அப்பாவை இழந்தது போதாதென்று, ஐம்பது வருடத்துக்கு மேலான தாம்பத்தியத்தையும் அம்மா இழந்துகொண்டிருந்தார்கள்.

அப்பாவின் பணிப் புத்தகம் எப்போதோ வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. பணி எண்ணும் தெரியாது. அப்பாவின் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து இந்தியாவிலுள்ள கடற்படை ஆவணப் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சலில் பதில் வந்தது: இந்தப் பெயரில் யாரும் பணியாற்றியதாகப் பதிவு இல்லை. ஆபீஸ் பார்க்கிங்கில் காரை அணைத்துவிட்டு நாலைந்து முறை படித்தேன்.

இங்கேயே இன்னொரு மாநிலத்தில், ரவுண்ட் ராக்கில் இருக்கும் தம்பியைப் போனில் கூப்பிட்டேன். “அக்கா, இதோட விட்டுரு,” என்றான். “பெரியப்பா சொன்னது உண்மையா இருந்தா என்ன பண்ணுவ? நீயே ப்ரூஃப் தேடி அம்மா கைல குடுத்த மாதிரி ஆயிடும்.” அந்தப் பதிலை அம்மாவிடம் காட்டவில்லை. பதில் வந்ததா என்று அம்மாவும் கேட்கவில்லை. கேட்காமலிருந்தது இன்னும் பயமாக இருந்தது.

அந்த வாரம் மருந்து வாங்கப் போனேன். கவுன்ட்டரில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான்தான் எழுந்து போனேன். இந்த நாட்டில் அப்பா பெயர்தானே என் குடும்பப் பெயர், இத்தனை வருடமாக அதற்குத்தான் எழுந்து போகிறேன். பையை வாங்கும்போது சட்டென்று உறைத்தது. இங்கே ஆஸ்பத்திரியில் “மிஸ்டர் சவரிமுத்து” என்று தாத்தாவின் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் நாங்கள் யாரையோ என்று உட்கார்ந்திருப்போம். அப்பா மட்டும் உடனே எழுந்து விறைப்பாக நிற்பார்கள். சீக்கிரம் அமெரிக்காவுக்குப் பழகிவிட்டார்கள் என்று கேலி செய்திருக்கிறேன். அப்பா அதற்குப் பழகியது அமெரிக்காவில் இல்லை, கடற்படையில். அங்கே சேரும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்ன யாரோ ஒருவர், தாத்தாவின் பெயரையே அப்பாவின் பெயராகப் பதிந்திருக்க வேண்டும்.

அன்றே தாத்தா பெயரில் மறுபடி எழுதினேன். இந்த முறை பணிப்பதிவின் நகல் வந்தது, இரண்டு பக்கம். சேர்ந்த நாள், பயிற்சி, கப்பல்கள், காவல் படைக்கு மாறியது, பணிக்காலம் முடிந்து சொந்த விருப்பத்தில் விலகியது, நடத்தை மிக நன்று. அழுதுவிட்டேன். அழுது முடித்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால், கடற்படைக் காலத்தில் ஒரு பதிவு: அனுமதியின்றி ஒன்பது நாள் பணிக்கு வரவில்லை, தண்டனையாக நன்னடத்தைப் பட்டை ஒன்று பறிக்கப்பட்டது. ஊர்ப் பேச்சுக்கு விதை இதுதான்.

“ஃபர்ஸ்ட் பேஜ மட்டும் காட்டு,” என்றான் தம்பி. “செகண்ட் பேஜ டெலிட் பண்ணிரு.” எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வைத்துப் படித்தார்கள். கடைசி வரிக்கு வந்ததும், “கீழ ரெண்டுல ஒண்ணுன்னு போட்டிருக்கே. இன்னொண்ணு எங்க?” என்றார்கள்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்தேன். அம்மா முகத்தைப் பார்க்கப் பயந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏட்டி, இது நீ பொறந்த அன்னைக்குல்லா.”

வாங்கிப் பார்த்தேன். இந்த நாட்டில் மாதத்தை முதலில் எழுதிப் பழகிய கண்ணுக்கு, அந்த ஒன்பது நாள் தொடங்கிய தேதி வேறு எந்த மாதத்திலோ உள்ளதாகப் பட்டிருந்தது. அம்மா ஊர் வழக்கப்படி, தேதியை முதலில் படித்திருக்கிறார்கள்.

“ரெண்டு நாளா வலி. பொழைக்க மாட்டேன்னு உங்கப்பாவுக்குத் தந்தி குடுத்துட்டாவ. கண்ணு முழிச்சா வெள்ள யூனிபாரத்தோட நிக்காவ. எப்படி விட்டாங்கன்னு கேட்டேன். லீவு கெடச்சிட்டுன்னாவ.”

லீவு ஏன் கிடைக்கவில்லை என்று அந்தத் தாளில் இல்லை. அதற்குப் பிறகு தண்டனையை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை ஆண்டு இருந்துவிட்டார்கள்.

அப்பாவின் நோயில் உடனிருந்த மருத்துவர்கள், செவிலியர், எங்கள் பங்குத்தந்தை, மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்த எடிசன் அன்பியச் செபக்குழுக் குடும்பங்கள், இரண்டாம் முறையும் பொறுமையாகத் தேடிய, முகம் தெரியாத அந்த ஆவணப் பிரிவு ஊழியர் எல்லோருக்கும் எங்கள் நன்றி. பெரியப்பாவுக்கும் நன்றி. அவர்கள் வாயைத் திறந்திராவிட்டால் நான் தேடியிருக்கவே மாட்டேன்.

எதிர்ப்பக்கத்தில் பணிப்பதிவின் இரண்டு தாள்களும் முழுதாக அச்சாகியிருக்கின்றன. இரண்டாவதை விட்டுவிடலாமா என்று கடைசியாக ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். படத்துக்கு முன்னால் செபமாலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பாமலே சொன்னார்கள்.

“போடு. என்ட்ட சொன்ன ஒரே பொய்யி அதான்.”