எரியாத பாய்லருக்குச் சம்பளம்

“நாளையிலிருந்து பாய்லரை எரிக்க வேண்டாம். ஆனா எல்லாரும் வழக்கம்போல வேலைக்கு வந்துடணும்.”

மேனேஜர் இப்படிச் சொன்னதும் பாய்லர்காரர் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். அனல்மின் நிலையத்தின் இரைச்சலில் பாதி ஆயுளைக் கழித்தவர். காது கொஞ்சம் மந்தம்தான். பக்கத்தில் நின்ற டர்பைன்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவரும் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். சரி, கோளாறு காதில் இல்லை.

“எரிக்கலைன்னா வந்து என்ன சார் பண்றது?”

“தயாரா இருக்கணும். கூப்பிட்டா உடனே பத்த வைக்கணும்.”

“சம்பளம்?”

“அதே சம்பளம்தான். தயாரா இருக்கறதுக்குத்தான் இனிமே நமக்குப் பணம்.”

மேனேஜர் பொறுமைசாலி. உட்கார்ந்து விளக்கினார். புகைக்கு அரசாங்கம் வரி போட்டுவிட்டது. அதனால் நிலக்கரி மின்சாரத்தின் விலை ஏறிவிட்டது. வெயிலில் கிடைக்கும் மின்சாரமோ மலிந்து கிடக்கிறது. மலிவான சரக்கை விட்டுவிட்டு இதை யார் வாங்குவார்கள்? ஆனால் நாலு நாள் மேகம் மூடிக்கொண்டு காற்றும் நின்றுபோனால் என்ன செய்வது? அந்த நாளுக்காக ஒரு பழைய நிலையத்தைக் கைவசம் வைத்திருக்கிறார்கள்.

“தீயணைப்பு வண்டி தினமும் ஓடுதா? ஓடலைன்னு வித்துடறோமா? நாமளும் அந்த மாதிரிதான்” என்று முடித்தார்.

பாய்லர்காரர் புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தார். வீட்டுக்கு வரும்போது, பஸ்ஸில்தான் அது இடித்தது. தீயணைப்புக்காரன் தீயை அணைக்கப் போகிறான். நாம் தீயை மூட்டுகிற ஆட்கள் ஆயிற்றே! யோசித்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, தலையணை உறை, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பாள். கணவர் சொன்னதைக் கேட்டதும் மெஷினை நிறுத்தினாள்.

“ஏங்க, என்கிட்ட மறைக்காதீங்க. வேலை போயிடுச்சா?”

“போகலை.”

“அப்போ இருக்கா?”

“இருக்கு. ஆனா வேலை இல்லை.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கிளம்பியபோது, வாசலில் நின்று பஸ் ஏறுகிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. குளிர்ந்த பாய்லருக்குள் துருப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். நெருப்பைப் பார்க்கும் நீலக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். பார்க்கத்தான் நெருப்பு இல்லை. டர்பைன்காரருக்கும் அதே கதைதான். நீராவியில் சுழலும் டர்பைனின் நீளத் தண்டு ஒரே நிலையில் கிடந்தால் சற்றே வளைந்துவிடும் என்று அதை அவ்வப்போது மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். “படுத்துக் கிடக்கற நோயாளியைப் புரட்டிப் போடற மாதிரி இருக்குய்யா” என்று அலுத்துக்கொண்டார். நிலக்கரி ஏறி வரும் பெல்ட்டுக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. முன்பெல்லாம் அந்த இரைச்சலுக்கு ஈ காக்கா அண்டாது.

தெருவிலும் நிம்மதி இல்லை. நிலையத்தின் புகைபோக்கி அங்கிருந்து பார்த்தாலே தெரியும்.

“என்ன பாய்லர்காரரே, புகையைக் காணோமே? கடையை மூடிட்டாங்களா?”

“மூடலை. தயாரா இருக்கோம்.”

“எதுக்குத் தயாரா?”

மேனேஜர் சொன்ன தீயணைப்பு வண்டியை இழுத்துப் பார்த்தார். கேட்டவர் சிரித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் மனைவி மாடியிலிருந்து துணி எடுத்து வந்தவள், “பாருங்களேன், கொடியில போட்ட வெள்ளைத் துணி வெள்ளையாவே இருக்கு! கரித்தூளே இல்லை” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்றுதான் விளங்கவில்லை. அவள் துணியில் இத்தனை வருஷமாக விழுந்தது அவர் மூட்டிய நெருப்பின் கரிதானே?

மனைவியின் தம்பி இதில் எதிர்க்கட்சி. ஊருக்கு வெளியே பரந்து கிடக்கும் சோலார் வயலில் அவன்தான் சூப்பர்வைசர். “மாமா, உங்க அடுப்பை எல்லாம் இனிமே காட்சிப் பொருளாத்தான் வைக்கணும்” என்று விருந்தாளியாக வந்த இடத்திலும் சீண்டுவான். இவரும் விடமாட்டார். “மழைக்காலம் வரட்டும் மாப்ள, அப்போ நீ எங்க ஒளிஞ்சுக்கறேன்னு பாக்கறேன்” என்பார்.

அவன் ஒரு பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தான். பாய்லர்காரருக்கு அன்று வார விடுப்பு.

“என்ன மாப்ள, இந்த நேரத்துல?”

“அணைக்கச் சொல்லிட்டாங்க மாமா.”

“எதை?”

“பாதி வயலை. கரண்ட் அதிகமாயிடுச்சாம். வாங்கறதுக்கு ஆள் இல்லையாம். மத்தியானத்துல விலையே இல்லாமப் போயிடுதாம். சும்மா கிடந்ததுக்கு ஈடா காசு குடுத்துடறாங்க.”

பாய்லர்காரருக்குப் பதிலுக்குச் சீண்ட இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. ஆனால் மனம் வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மனைவி ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டாள். “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவரை எரிக்காதேன்னு சொல்லிக் காசு குடுக்கறான். உன்னை அணைச்சுடுன்னு சொல்லிக் காசு குடுக்கறான். ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கீங்க. அப்புறம் எதுக்கு என் மெஷினுக்கு வர்ற பில் ஏறிக்கிட்டே போகுது?”

மாமனும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பிதான் வாயைத் திறந்தான். “அந்தக் காசெல்லாம் எங்கிருந்தோ வரணும் இல்லக்கா.”

“எங்கிருந்தோன்னா, என்கிட்டே இருந்தா?”

தம்பி மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு எழுந்தான்.

பிறகு அந்த நாள் வந்தது. வானம் இருண்டுகொண்டு, மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் நாள்கணக்கில் இழுத்தடித்தது. ஓர் இலைகூட ஆடவில்லை. விடிந்ததும் மேனேஜரிடமிருந்து போன். “பத்த வைங்க. சாயங்காலத்துக்குக் கரண்ட் வேணும்.”

பாய்லர்காரர் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

பாய்லர் என்ன தீப்பெட்டி உரசியதும் கொதித்துவிடுகிற சமாச்சாரமா? முதலில் எண்ணெயில் மூட்டி மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் குழாய்கள் விண்டுபோகும். நாயையும் குட்டிகளையும் ஒரு கூடையில் வைத்து வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். பெல்ட் முனகிக்கொண்டு நகர்ந்தது. நீலக் கண்ணாடியில் நெருப்பைப் பார்த்தபோது, தொலைந்துபோன ஆளைக் கூட்டத்தில் கண்டுபிடித்தது போலிருந்தது அவருக்கு. மேனேஜர் வந்து வந்து “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார். “அதுக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவு ஆகும் சார்” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அந்தி சாயும் வேளைக்கு டர்பைன் வேகம் பிடித்தது. மின்சாரம் கம்பியில் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். டர்பைன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வியர்வை என்றார்.

கைதட்டிய சூடு ஆறவில்லை. காற்று கிளம்பியது. முதலில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது; பிறகு தகரக் கூரை தடதடத்தது. எங்கெங்கோ காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்தன. மேனேஜர் போனைக் காதில் வைத்தபடியே வந்தார்.

“போதுமாம். இறக்கச் சொல்றாங்க.”

பாய்லர்காரர் காலையிலிருந்து ஊதி ஊதிப் பெரிதாக்கிய நெருப்பை ஒழுங்காக, படிப்படியாக இறக்கினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மனைவியைக் கேட்டார். “சாயங்காலம் கரண்ட் போச்சா?”

“போகலையே! நான் பாட்டுக்குத் தைச்சுக்கிட்டு இருந்தேன். ஏன்?”

போகவில்லை. தன்னால் போகவில்லையா, தான் இல்லாவிட்டாலும் போயிருக்காதா? இந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. அடுத்த வாரம் மின் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஒரு பெண் என்ஜினீயர் நிலையத்தைப் பார்க்க வந்தபோது, மரியாதை எல்லாம் பார்க்காமல் கேட்டே விட்டார்.

அவள் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். “நீங்க இல்லாமலும் சமாளிச்சிருப்போம்னு நினைக்கிறேன். ஆனா நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் அப்படி நினைக்கிறேனோ என்னவோ.”

இதற்கு அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

மழைக்காலம் முடிந்ததும் மேனேஜர் மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டார். பாய்லரைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்கள். ஆனால் இதுவரை டர்பைன் சுழற்றி மின்சாரம் எடுத்த அந்தப் பெரிய சக்கரம் மட்டும் இருக்கும்; இனி அது கரண்டில் சும்மா சுற்றும். வெயில் மின்சாரம் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். கனமான சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் தடுமாற்றம் வீடுகளில் தெரியாதாம். அதைக் கவனிக்க ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு விலகலாம்; அல்லது இந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம். டர்பைன்காரர் விலகிக்கொண்டார். பாய்லர்காரர், இனி தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றுகூடத் தெரியாமல், இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. எரியாத பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிட எதுவும் மேல் என்று தோன்றியிருக்கலாம்.

“இப்போ என்ன வேலைங்க?” என்றாள் மனைவி.

“ஒரு சக்கரம் சுத்தும். அதைப் பாத்துக்கணும்.”

“சுத்தினா கரண்ட் வருமா?”

“வராது. சுத்தறதுக்குக் கொஞ்சம் கரண்டை அதுதான் தின்னும்.”

“அப்புறம் எதுக்குச் சுத்துது?”

“சுத்தலைன்னா தடுமாறுமாம்.”

“எது?”

“எல்லாம்.”

அவள் தைத்த துணியை உதறி மடித்தாள். கேலி செய்யப்போகிறாள் என்று நினைத்தார்.

“சத்தம் அதிகமா இருக்குமா?” என்றாள். “காதுக்கு ஏதாவது குடுப்பாங்களான்னு கேளுங்க. இருக்கற காதாவது மிஞ்சட்டும்.”

கேட்கிறேன் என்றார்.