ஒழுகாத குளம்

எங்கள் ஊர்க் குளத்தை அழகுபடுத்த வந்தவர்கள் முதல் வேலையாகக் கரையிலிருந்த பூவரச மரங்களை வெட்டினார்கள். இலை விழுந்து தண்ணீர் கெட்டுப்போகிறதாம். அந்த மரங்களுக்கு அடியில்தான் ஊரில் பாதிப் பேர் மத்தியானத்தில் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வெட்டிய கட்டையை யார் வீட்டுக்கு இழுத்துப் போவது என்பதில் மட்டும் சண்டை போட்டார்கள்.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே வந்தால் லாரிகள் நிற்கும் பொட்டல், பிறகு வடநாட்டுத் தொழிலாளிகள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைகள், அதையும் தாண்டினால் எங்கள் ஊர். ஊருக்குக் கிழக்கே குளம். குளக்கரைக்குக் கீழே என் நிலம், நிலத்தின் மூலையில் என் கிணறு. அந்தக் கிணற்றுக்குத் தனியாக ஊற்று என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குளத்துத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கரைக்கு அடியில் நடந்து, மெதுவாகக் கிணற்றுக்கு வரும். குளம் நிறைந்தால் சில நாளில் கிணறும் நிறையும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் சேர்ந்து என்ன செய்தார்கள் என்பதுதான் கதை.

பழைய குளத்தை நினைத்து உருகுகிற ஆள் இல்லை நான். எருமைகள் உள்ளேயே நின்று சாணி போடும். பெண்கள் துணி துவைக்கும் படிக்குப் பக்கத்திலேயே ஆண்கள் பல் விளக்கித் துப்புவார்கள். வெங்காயத் தாமரை பாதிக் குளத்தை மூடியிருக்கும், மீதியைப் பிளாஸ்டிக் பை மூடியிருக்கும். மீன் பிடிக்கிற நாளில் ஒரு விராலுக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைக் கிழித்துக்கொள்வார்கள். ஆனால் அது குளமாக இருந்தது. தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

என் கணவர் போன பிறகு நிலத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவருடைய தம்பி, என் கொழுந்தன், தன் பங்கை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிட்டான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொழிற்சாலைக்காரர்களுக்கும் ஊருக்கும் நடுவில் போய் வருவதுதான் அவனுக்கு உத்தியோகம். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று சுற்றியுள்ள ஊர்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று கிளம்பியபோது, என்ன வேண்டும் என்று இவனைத்தான் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கேட்டிருக்கலாம். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள முடியாதே. குளத்தைக் காட்டினான்.

கெங்கையம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தொழிற்சாலை அதிகாரி ஒருவர், கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைத் திரையில் காட்டினார். படத்தில் எங்கள் குளம் நீலமாக இருந்தது, சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இத்தனை காலமும் மழைத் தண்ணீரெல்லாம் பூமிக்குள் போய் வீணாகிவிட்டது என்று அவர் வருத்தப்பட்டார். இனி அடியில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் சிமென்ட். ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்றார். நெல் விளைவிக்கிற ஊர் கை தட்டியது.

நான் எழுந்து நின்றேன். "அப்ப என் கெணறு?"

"அண்ணி, ஊரே ஒரு நல்ல காரியம் பண்ணிக்கினு இருக்கும்போது ஊட்டுக் கதைய எடுக்காதீங்க" என்றான் கொழுந்தன்.

பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "இத்தினி நாளா ஊர்த் தண்ணிய இவங்க கெணறுதான் திருட்டுத்தனமா இழுத்துக்கினு இருந்திருக்குது. நமக்குதான் தெரியல."

சிரித்தார்கள். என் கிணற்றைத் திருடியாக்கிவிட்டு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கலைந்தார்கள். இவர்களோடு இனிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலை முடிந்தபோது குளத்தைச் சுற்றி வழவழவென்று டைல்ஸ் போட்ட நடைபாதை இருந்தது. வெயிலில் அதில் கால் வைக்க முடியாது, மழையில் வைத்தால் வழுக்கும். வாத்து உருவத்தில் குப்பைத் தொட்டிகள் வைத்தார்கள். குப்பை அவற்றுக்கு வெளியே கிடந்தது. குளத்தின் நடுவில் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் பெண்ணின் சிலை. எங்கள் ஊரில் அப்படி ஒரு நிறத்திலோ இடுப்பிலோ எந்தப் பெண்ணும் கிடையாது, அவ்வளவு சாவகாசமாகக் குடம் பிடித்து நிற்க நேரமும் கிடையாது. எருமைகள் வராமலிருக்க வேலி போட்டார்கள். துணி துவைக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, உள்ளே இறங்கவே கூடாது என்று பலகை வைத்தார்கள். குளத்தில் செய்யக்கூடியதாக மிஞ்சியது பார்ப்பது ஒன்றுதான்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. குளம் நிறைந்து கோடி போனது. உபரித் தண்ணீர் வெளியேறுவதைத்தான் எங்கள் பக்கத்தில் கோடி போவது என்போம். அன்றைக்குக் குளத்துத் தண்ணீரையே கங்கையாக நினைத்து, அவளுக்கு மஞ்சள் புடவை விட்டு, கிடா வெட்டி, கும்பிடுவது வழக்கம். அந்த வருஷம் கங்கைக்கு முன்னால் அதிகாரிக்கு மாலை விழுந்தது. அவர் கிடாவைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறி சாப்பிட மட்டும் திரும்பினார்.

மழை விட்ட பிறகு தண்ணீர் அப்படியே நின்றது. இறங்கவில்லை. எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். தை மாதம் பச்சையானது. மாசியில் நாறியது. கொசு ஊருக்குள் வந்ததும் கொழுந்தன் மருந்து அடிக்க ஆள் கூட்டி வந்தான். பங்குனி வெயில் பாக்கியைக் குடித்துத் தீர்த்தது. பூமிக்குக் கொடுக்க மனமில்லாமல் பிடித்து வைத்ததை எல்லாம் கொசுவும் வெயிலும் தின்றன.

என் கிணற்றில் வானத்திலிருந்து நேராக விழுந்ததுதான் தண்ணீர். அதை நம்பி, மார்கழி தையில் நடுகிற நவரைப் பட்டத்துக்கு நெல் நட்டிருந்தேன். கதிர் வெளியே தள்ளுகிற சமயத்தில் மோட்டார் சேற்றை இழுத்தது, பிறகு வெறும் காற்றை இழுத்தது. பயிர் நின்றபடியே காய்ந்தது. அதை அறுத்து மாட்டுக்குப் போட்ட அன்று எனக்கு ஒரு வாய்ச் சோறுகூட இறங்கவில்லை.

துக்கம் விசாரிப்பதுபோல் கொழுந்தன் வந்தான்.

"கெணறு செத்துப் போச்சு அண்ணி. இன்னும் எதுக்கு இந்தப் பேஜாரு? என் நெலத்தோட சேத்து லாரிக்கு உட்டுடலாம். கேட்டுக்கினே கீறாங்க."

அதற்குள் வேப்பம்பட்டில் இருக்கும் என் மகளிடமும் பேசியிருந்தான். அவள் போனில், "சித்தப்பா சொல்றதும் கரெக்ட்தானேம்மா, அங்க தனியா இன்னா பண்ணப்போற?" என்றாள். அவள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"வர்ற மழைக்கும் கெணறு ஊறலைன்னா கையெழுத்து போடுறேன்" என்று கொழுந்தனிடம் சொன்னேன். அவன் சந்தோஷத்தை மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. ஊறாது என்று அவனுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். அதனால்தான் கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் கடப்பாரையையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு காய்ந்த குளத்துக்குள் இறங்கினேன். வேலிக் கதவுக்குப் பூட்டு வாங்கியிருந்தார்கள், பூட்டுவதற்கு ஆள் போடவில்லை. கரையில் ஒரு ஜீவன் இல்லை. பூவரச மரங்கள் இருந்திருந்தால் துண்டு விரித்துப் படுத்தவர்களில் ஒருவனாவது தலையைத் தூக்கி, "இன்னா பண்றீங்க அங்க?" என்று கேட்டிருப்பான். டைல்ஸ் கொதிக்கிற இடத்துக்கு எவன் வருவான்? நான் நிம்மதியாக வேலை செய்ய ஊரே சேர்ந்து ஏற்பாடு செய்துகொடுத்திருந்தது.

என் நிலத்துப் பக்கமாக, கரையை ஒட்டிக் கடப்பாரையைப் போட்டேன். சிமென்ட்டை உடைக்க என் உடம்பில் வலு இருக்குமா என்று பயந்துகொண்டுதான் இறங்கியிருந்தேன். தோசை கனம்கூட இல்லை. அதிகாரி காட்டிய படத்தில் அது ஒரு முழம் இருந்தது. மீதி எங்கே போனது என்று காண்ட்ராக்டில் வேலை எடுத்தவரைத்தான் கேட்க வேண்டும், கொழுந்தனையும் கேட்கலாம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருடர்களுக்கு மனதார நன்றி சொன்னேன். விரிப்பை அரிவாளால் கிழித்தேன். அடியில் மண், என்னைப் போலவே காய்ந்து கிடந்தது. அதையும் கொத்திவிட்டு, சிமென்ட் சில்லுகளைத் திரும்ப அடுக்கி, மேலே காய்ந்த பாசியை வாரிப் போட்டேன். அடுத்து வந்த மத்தியானங்களிலும் போய்க் கரை நெடுக இதையே செய்தேன். குடம் பிடித்த மகராசி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குடத்திலும் தண்ணீர் இல்லை.

மழை வந்தது. குளம் நிறைந்தது. கிணற்றில் மழைத் தண்ணீர் மட்டும்தான் கிடந்தது. தினமும் காலையில் போய் எட்டிப் பார்த்தேன். செய்தது போதவில்லையோ, அடுக்கிய சில்லுகளே அடைத்துக்கொண்டனவோ என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன். லாரிக்காரர் ஒருவர் வந்து என் வரப்பின் மேல் நின்று நிலத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனார். மழை விட்ட பிறகு ஒரு காலை, கிணற்றின் மேற்குச் சுவரில், குளத்தைப் பார்த்த பக்கத்தில், ஒரு சத்தம் கேட்டது. கல் இடுக்கிலிருந்து கசிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சத்தம் நிற்கவில்லை. கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

மார்கழி முடிவதற்குள் குளம் பாதியாகிவிட்டது. ஊர் பதறியது. வேலை எடுத்தவர் வந்து பார்த்து, வெயிலுக்கு ஆவியாகிறது என்றார். பனி கொட்டும் மாதத்தில் சொன்னார், தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். தொழிற்சாலைக்காரர்களுக்குப் போட்டோ கிடைத்துவிட்டது, அவர்கள் வரவில்லை. உடைந்த தரையைப் பார்க்க வேண்டுமானால் எவனாவது தண்ணீருக்குள் இறங்க வேண்டும். இறங்கக் கூடாது என்றுதான் பலகை வைத்திருக்கிறார்களே.

பொங்கலுக்கு முன்னால் கொழுந்தன் என் நிலத்துக்கு வந்தான். நடவு நடந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடி வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்தான். கையெழுத்துப் பேச்சை எடுக்கவில்லை. குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நா வறண்டிருந்தான்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க அண்ணி."

குழாயில் சொம்பைப் பிடித்துக் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"பரவால்லையே, கெணறு நல்லா ஊறிக்கீது. ருசியாவும் கீது" என்றான். பிறகு கரையைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "கொளத்துத் தண்ணிதான் எங்க போவுதுன்னே தெரியல அண்ணி."

சொம்பை மறுபடி நீட்டினான். நிறையப் பிடித்துக் கொடுத்தேன்.