மார்லிஸ் சொல்லிக்கொடுத்த பொய்

மார்லிஸ் ட்வெய்ட் பொய் சொல்லமாட்டாள். சியாட்டிலில் அவள் போகும் நார்வேக்காரர்களின் தேவாலயத்தில் இது எல்லோருக்கும் தெரியும். பிறந்த குழந்தையை அவளிடம் கொண்டுவந்து காட்ட யாருக்கும் துணிச்சல் கிடையாது. கணினிகளுக்கான இயங்குதளம் தயாரிக்கும் எங்கள் கம்பெனி அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, அந்த இயங்குதளத்துக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது.

பழைய மென்பொருள் புதிய இயங்குதளத்தில் கண்விழித்ததும், "நீ எத்தனையாவது பதிப்பு?" என்று கேட்கும். உண்மையைச் சொன்னால் மிரண்டு படுத்துவிடும். அதன் காலத்து எண்ணைச் சொன்னால் நிம்மதியாக வேலை பார்க்கும். எதற்கு எந்த எண்ணைச் சொல்வது என்று தீர்மானிப்பவள் மார்லிஸ். அந்தப் பழைய மென்பொருள்களை எழுதிய கம்பெனிகளில் பாதி மூடிவிட்டன. வாங்கிய பல் மருத்துவர்களும் சவப்பெட்டிக் கடைக்காரர்களும் மூடவில்லை. ஏதாவது நின்றுபோனால் திட்டு எங்களுக்குத்தான்.

பத்தாவது பதிப்பின்போது பிரைஸ் என்ற புது மேலாளர் வந்தான்.

"இந்தத் தடவை பொய்யே கிடையாது. யாரு கேட்டாலும் பத்துன்னு சொல்லட்டும்" என்றான்.

மார்லிஸுக்கு வேலை போயிற்று என்று நினைத்தோம். அவளோ மறுநாள் எல்லோருக்கும் ரூபார்ப் பை என்ற இனிப்புப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தாள். வசந்தத்தில் ஓய்வு பெறவிருந்தாள். அதற்குள் ஒரு பதிப்பாவது உண்மை பேசவேண்டும் என்பது அவள் ஆசை.

பொய்களை அவளே நீக்கினாள். முதலில் சோதித்தது பல் மருத்துவர்களின் மென்பொருளை. 'உங்கள் கணினி மிகப் பழையது' என்றது திரை.

"புதுசைப் பாத்துப் பழசுங்குதே, கண்ணு அவிஞ்சுபோச்சா?" என்றான் பக்கத்து மேஜை டேரன்.

"முதல் இலக்கத்தை மட்டும்தான் பாக்குது. பத்துல ஒண்ணுதான் தெரியுது. நாம ரெண்டு இலக்கம் வரைக்கும் வருவோம்னு எழுதினவங்க நினைக்கல."

"அதுக்குள்ள செத்துருவோம்னு கணக்குப் போட்டிருக்காங்க. நல்ல மரியாதை!"

அடுத்து எடுத்தவற்றில் பெரும்பாலானவையும் படுத்தன.

"தப்பு அவங்களது. விழட்டும்" என்றான் பிரைஸ்.

"விழட்டும்" என்றாள் மார்லிஸ், சந்தோஷமாக.

சில வாடிக்கையாளர்களுக்கு முன்னோட்டப் பதிப்பு அனுப்பினோம். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: பழைய ஒன்பதாவது பதிப்பே போதும். பிரைஸ் திரும்பி வந்தான். உட்காரவில்லை.

"மார்லிஸ், ஒம்பதுன்னே சொல்லிடட்டும். சின்னப் பொய்தானே."

"பொய்யே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அப்ப நம்ம சரக்கை விக்கிறவங்க யாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசல."

அவள் பேரம் பேசினாள். "உண்மை வேணும்னு எழுதிக் கேக்குறதுகளுக்காவது சொல்லலாமா?"

ஒப்புக்கொண்டான். உண்மையைத் தாங்குவேன் என்று தன் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருக்கும் மென்பொருளிடம் மட்டும் பத்து. மற்றவற்றிடம் ஒன்பது. இதை இயங்குதளத்தில் சேர்க்கும் வேலை டேரனுக்கு. மார்லிஸ் இதிலேயே திருப்தியானாள்.

வெளியீட்டுக்கு முன் கடைசிச் சோதனை. பதிப்பு எண்ணைக் கேட்டுச் சொல்லும் தன் சோதனைக் கருவியை, அதுவும் ஒரு மென்பொருள்தான், ஓட்டினாள். 'பதிப்பு: ஒன்பது' என்றது.

"உண்மையை நீங்க சேக்கவே இல்லையா?" என்று டேரனிடம் சீறினாள்.

"சேத்தாச்சு. உங்க கருவி என்ன வயசு?"

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. அதில் உண்மையைத் தாங்குவேன் என்ற அந்த வரி இல்லை.

"ஒரு வரிதானே, போட்டுடுங்க" என்றான் டேரன்.

மார்லிஸ் கருவியின் கோப்பைத் திறந்தாள், எழுதாமலே மூடினாள்.

"போட்டா இது பத்துன்னு சொல்லும். இது சொல்றதைப் படிக்கிற கருவிங்க எல்லாம் இதைவிடப் பழசு. அதுங்க படுத்துடும்."

ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். பத்தாவது பதிப்பின் சோதனை அறிக்கை இன்றும் இருக்கிறது. சோதிக்கப்பட்ட பதிப்பு: ஒன்பது. உண்மை என்று உறுதியளிப்பவர்: மார்லிஸ் ட்வெய்ட்.